ஒன்பது கடலை, இருபத்தோரு வருஷம்

விமர்சனம் என்றால் நாவலுக்கும் சினிமாவுக்கும்தான் எழுதவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இந்த வாரம் இரண்டு மருத்துவக் கட்டுரைகளை விமர்சிக்கப் போகிறேன். இரண்டும் ஒரே பத்திரிகையில், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற அமெரிக்க வாரப் பத்திரிகையில் வந்தவை. ஒன்று மார்ச் 2003. மற்றது பிப்ரவரி 2024. இரண்டிலும் முக்கிய பாத்திரம் வேர்க்கடலை. பயப்படாதீர்கள், ஃபார்முலா எதுவும் வராது.

முதல் கட்டுரை இது. கடலை அலர்ஜி உள்ள 84 பேரைச் சேர்த்தார்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் கடலை மாவைத் துளித்துளியாகக் கொடுத்து, எந்த இடத்தில் உடம்பு முரண்டு பிடிக்கிறது என்று பார்த்தார்கள். சராசரியாக அரைக் கடலை. அதாவது நாம் தோலை ஊதிவிட்டு வாயில் போடும்போது கீழே சிந்துமே, அந்த அளவு. பிறகு டிஎன்எக்ஸ்-901 என்ற மருந்தை நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. மறுபடி கடலை மாவு. அதிகபட்ச டோஸ் போட்டுக்கொண்டவர்களுக்கு அரைக் கடலை என்பது கிட்டத்தட்ட ஒன்பது கடலை ஆகிவிட்டது.

ஒன்பது கடலை என்ன பிரமாதம், மெரினாவில் ஒரு பொட்டலம் வாங்கினால் எண்பது இருக்கும் என்பீர்கள். நமக்குக் கடலை என்பது சட்னி, உருண்டை, ரயில் பயணம். அமெரிக்காவில் கடலை அலர்ஜி உள்ள குழந்தையின் அம்மாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவள் அவள். பிறந்தநாள் விருந்துக்குக் குழந்தையை அனுப்பமாட்டாள். அனுப்பினால் கூடவே அட்ரினலின் ஊசியையும் தனி டிபன் டப்பாவையும் அனுப்புவாள். யாரோ கடலை வெண்ணெய் தடவிய கத்தியைக் கழுவாமல் ரொட்டி வெட்டிவிட்டால் போதும். உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், ரத்த அழுத்தம் சரியும். இந்த மாதிரி விபத்துகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கடலை அளவில்தான் நடக்கின்றன. அதனால் ஒன்பது என்பது பெரிய எண். கட்டுரையின் முடிவுரையும் அடக்கமாக அதைத்தான் சொல்கிறது: தெரியாமல் சாப்பிட்டுவிடும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு போதும் என்ற பொருளில்.

விமர்சகன் என்ற முறையில் ஒரு குறையும் சொல்லவேண்டும். மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் சராசரியாக இரண்டு கடலை கூடியிருக்கிறது. மனசு செய்த வேலையோ, சோதனையின் இயல்பான ஊசலாட்டமோ. கட்டுரை அதை மறைக்கவில்லை, அட்டவணையில் போட்டிருக்கிறது. நல்ல கட்டுரைக்கு இது அடையாளம். தனக்கு எதிரான சாட்சியையும் கூண்டில் ஏற்றுகிறது.

இந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1921, ப்ரெஸ்லாவ் நகரம். அன்று ஜெர்மனி, இன்று போலந்து, பெயரும் வ்ராட்ஸ்வாஃப். அங்கே ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற டாக்டருக்கு வேகவைத்த மீன் ஆகாது. அவருடைய சக டாக்டர் கார்ல் ப்ராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ப்ராஸ்னிட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? க்யூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்துத் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. ஆக, அலர்ஜி ரத்தத்தில் இருக்கிறது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எடுத்துப் போகக்கூடிய ஒரு பொருளாக இருக்கிறது என்று தெரிந்தது. (இன்று இப்படிச் செய்தால் எந்த நன்னெறிக் குழுவும் விடாது.)

அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க 45 வருஷம் ஆயிற்று. அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் கிமிஷிகே இஷிஸாகா, டெருகோ இஷிஸாகா என்ற ஜப்பானியத் தம்பதி 1966-ல் அதைப் பிடித்தார்கள். அவர்களும் சீரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தங்கள் தோலிலேயே சோதித்தவர்கள்தான். அடுத்த வருஷமே ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் வேறு பாதையில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1968-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டத்தில் அதற்கு ஐஜி-ஈ என்று பெயர் வைத்தார்கள். நாலு பேரில் யாருக்கும் நோபல் பரிசு கொடுக்கவில்லை. அது தனி விமர்சனம்.

ஐஜி-ஈ என்பது ஓர் ஆன்டிபாடி. ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி வகைகளில் இதுதான் மிகமிகக் குறைவு. ஆனால் வம்புக்காரன். மாஸ்ட் செல் என்று ஒருவகை செல் நம் தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் ஹிஸ்டமின் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் ஐஜி-ஈ ஆன்டெனா மாதிரி குத்திட்டு நிற்கிறது. கடலைப் புரதம் வந்து இரண்டு ஆன்டெனாக்களை ஒருசேரத் தொட்டால் மூட்டை வெடிக்கிறது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்: தடிப்பு, தும்மல், வீசிங். ரொம்ப மோசமானால் அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில்.

ஸே வென் சாங் என்ற தைவான்காரர் யோசித்தது எளிமையானது. ஐஜி-ஈயின் எந்த முனை மாஸ்ட் செல்லில் செருகிக்கொள்கிறதோ அந்த முனையை மட்டும் இன்னோர் ஆன்டிபாடியால் மூடிவிட்டால்? மிதந்துகொண்டிருக்கும் ஐஜி-ஈ செல்லில் போய் உட்கார முடியாது. ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டதன் அந்த முனை உள்ளே புதைந்திருப்பதால், மருந்து அதைத் தொட்டு மூட்டையை வெடிக்க வைக்கவும் முடியாது. திருடனைப் பிடிக்காமல், சாவித்துவாரத்தில் நுழையும் சாவியின் பல்லுக்கு உறை போடுவது மாதிரி. எனக்கு இந்த யோசனை ஒரு நல்ல சிறுகதையின் முடிச்சு போல மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த மாதிரி மருந்துகளைத்தான் பயலாஜிக் என்கிறார்கள். மாத்திரை போல ரசாயனங்களைக் கலந்து சமைப்பதில்லை. உயிருள்ள செல்லை வைத்து வளர்க்கிறார்கள். பெரும்பாலும் சீன வெள்ளெலி ஒன்றின் சினைப்பையிலிருந்து 1957-ல் எடுத்த செல்களின் வாரிசுகளை. எடுத்தவர் தியோடர் பக், ஊர் அதே டென்வர். பெயர் 'மாப்' என்று முடிந்தால் ஒற்றை வகை ஆன்டிபாடி என்று அர்த்தம். 'ஜுமாப்' என்று முடிந்தால் எலியிடம் பிறந்து மனிதப் புரதம் போல மாற்றித் தைக்கப்பட்டது. ஓமாலிஜுமாப், மெபோலிஜுமாப் என்று பெயர்கள் வாயில் நுழையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அவை பெயர்கள் இல்லை, ஜாதகம்.

சரி, 2003-க்கு வருவோம். அரைக் கடலையை ஒன்பது கடலை ஆக்கிய மருந்து எங்கே போயிற்று? இரண்டாவது கட்டுரை வரும்வரை 21 வருஷம் என்ன நடந்தது?

கோர்ட்டு நடந்தது.

ஸே வென் சாங்கும் அவர் மனைவி நான்ஸி சாங்கும் 1986-ல் ஹூஸ்டனில் டானாக்ஸ் என்று சின்னக் கம்பெனி தொடங்கினார்கள். 1989-ல் தங்கள் சரக்கைப் பெரிய கம்பெனியான ஜெனன்டெக்கிடம் கூட்டுச் சேர்வதற்காகக் காட்டினார்கள். கூட்டு அமையவில்லை. கொஞ்ச காலம் கழித்து ஜெனன்டெக்கிடமும் ஐஜி-ஈக்கு எதிரான ஒரு மருந்து இருந்தது. 1993-ல் டானாக்ஸ் வழக்குப் போட்டது. 1996-ல் சமரசம். சுவிஸ் கம்பெனியையும் (பின்னாளில் நோவார்ட்டிஸ்) சேர்த்து மூன்று பேர் கூட்டு. இரண்டு மருந்தில் எதை வளர்ப்பது? ஜெனன்டெக்கின் மருந்தை என்று முடிவாயிற்று. அதுதான் ஓமாலிஜுமாப், கடைப்பெயர் ஸோலேர். ஜூன் 2003-ல் மோசமான அலர்ஜி ஆஸ்த்மாவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆஸ்த்மாவுக்கு வந்த முதல் பயலாஜிக் இதுதான்.

டானாக்ஸின் சொந்தப் பிள்ளையான டிஎன்எக்ஸ்-901? அதைக் கடலை அலர்ஜிக்குத் தனியாக வளர்க்கிறோம் என்றது டானாக்ஸ். ஒப்பந்தப்படி தனியாகச் செய்யக்கூடாது என்றார்கள் மற்ற இருவரும். மத்தியஸ்தர்கள் 2002-ல் பெரியவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஆக, மார்ச் 2003-ல் அந்தக் கட்டுரை அச்சாகி உலகம் முழுவதும் பெற்றோர்கள் சந்தோஷப்பட்டபோதே மருந்து கட்டிப்போடப்பட்டிருந்தது. 2004-ல் மறுபடி சமரசம், டிஎன்எக்ஸ்-901 கைவிடப்பட்டது. கடலைக்கும் இனி ஸோலேரையே சோதிக்கலாம் என்றார்கள். 2007-ல் ஜெனன்டெக் டானாக்ஸை ஏறக்குறைய 92 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது. கதை சுபம், கம்பெனிகளுக்கு.

நியாயமாகச் சொன்னால் எல்லாப் பழியையும் வக்கீல்கள் மேல் போட முடியாது. ஸோலேரை வைத்துக் கடலைச் சோதனை தொடங்கத்தான் செய்தார்கள். 2006-ல் நிறுத்திவிட்டார்கள். காரணம், மருந்து கொடுப்பதற்கு முன்பே, யாருக்கு எவ்வளவு கடலை ஆகாது என்று பார்க்கும் கட்டத்திலேயே சிலருக்கு ஆபத்தான எதிர்வினை வந்துவிட்டது. நிறுத்தியது சரிதான். நான் கேட்பது வேறு. நிறுத்தியதை மறுபடி பெரிய அளவில் தொடங்க ஏன் 2019 வரை ஆயிற்று? 2006-ல் ஸோலேர் ஆஸ்த்மாவுக்கு நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. தொட்டால் வழக்கு வரக்கூடிய, குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஒரு சோதனையில் கையைச் சுட்டுக்கொள்ள என்ன அவசரம்? இதை எந்தக் கம்பெனியும் எழுதி வைத்திருக்காது. இது என் யூகம், நீங்கள் மறுக்கலாம்.

தாமதங்களில் மன்னிக்கக்கூடியதும் உண்டு. மெபோலிஜுமாப் என்ற இன்னொரு ஆஸ்த்மா மருந்தின் கதையைப் பாருங்கள். அது இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களைக் குறைப்பது. 2007-ல் வந்த பெரிய சோதனையில், பொதுவாக ஆஸ்த்மா உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அணுக்கள் குறைந்தன. ஆஸ்த்மா குறையவில்லை. மருந்தைக் குப்பையில் போடவேண்டியதுதான் என்ற நிலை. 2009-ல் இங்கிலாந்தில் லெஸ்டரிலும் கனடாவில் ஹாமில்டனிலும் இரண்டு சின்னச் சோதனைகள். ஒன்றில் 61 பேர், இன்னொன்றில் வெறும் 20 பேர். இவர்கள் எல்லோரையும் சேர்க்கவில்லை. சளியை எடுத்துப் பார்த்து, இயோசினோஃபில் நிறைய இருப்பவர்களை மட்டும் சேர்த்தார்கள். மருந்து அட்டகாசமாக வேலை செய்தது. மருந்தில் தப்பில்லை, கேள்வியில்தான் தப்பு. ஆஸ்த்மா என்பது ஒரு வியாதி இல்லை, ஒரே மாதிரி இரைக்கும் பல வியாதிகள் என்று டாக்டர்களுக்கு அழுத்தமாகப் புரிந்தது. 2015-ல் அனுமதி. அதற்குப் பின் பென்ராலிஜுமாப், டுபிலுமாப், டெஜெபெலுமாப் என்று வரிசையாக வந்தன.

இந்த எட்டு வருஷமும் தாமதம்தான். ஆனால் இது தெரியாமையால் வந்தது. ஒவ்வொரு படியிலும் ஏதோ கற்றுக்கொண்டார்கள். கடலை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லையே. 2003-ல் தெரிந்த உண்மை 2024-லும் அதேதான்.

இப்போது இரண்டாவது கட்டுரை. முதல் ஆசிரியர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர் ராபர்ட் உட். அவருக்கே கடலை அலர்ஜி உண்டு, பொதுவில் சொல்லியிருக்கிறார். (க்யூஸ்ட்னரின் மீன் ஞாபகம் வருகிறதா?) ஆசிரியர் பட்டியலில் ஏழாவது பெயர் டோனல்ட் லியூங், டென்வர். 2003 கட்டுரையின் முதல் பெயரும் அவருடையதுதான். இடையில் என்ன நினைத்திருப்பார் என்று கட்டுரையில் வராது, அடிக்குறிப்பில்கூட.

சோதனைக்கு அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி அமைப்பு முன்னின்று பணம் போட்டிருக்கிறது, கம்பெனிகளும் சேர்ந்திருக்கின்றன. கடலையோடு இன்னும் இரண்டு உணவாவது ஆகாத, 1 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள 177 பேர். முந்திரி, பால், முட்டை, கோதுமை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல். பாவம், என்னதான் சாப்பிட்டார்களோ. 16 வாரம் ஓமாலிஜுமாப் ஊசி. அதன் பின் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தை, ஏறக்குறைய இரண்டரைக் கடலையை, ஒரே வேளையில் தாங்கியவர்கள் 100-க்கு 67 பேர். வெறும் ஊசிக்காரர்களில் 100-க்கு 7 பேர். இதன் முதல் கட்ட முடிவுகளை வைத்தே பிப்ரவரி 16, 2024 அன்று அமெரிக்க அரசு அனுமதி கொடுத்துவிட்டது.

கட்டுரை சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. தோல்வியையும் சொல்கிறது: மருந்து போட்டுக்கொண்டவர்களில் 100-க்கு 14 பேரால் 30 மில்லிகிராம்கூட, அதாவது ஒரு கடலையின் துணுக்குகூடத் தாங்க முடியவில்லை. யார் அந்தப் பதினான்கில் இருப்பார்கள் என்பது ஊசி போடும்போது தெரியாது. அதனால்தான் ஊசி போட்டுக்கொண்டாலும் கடலை சாப்பிடக்கூடாது, அட்ரினலின் ஊசி பையில் இருக்கவேண்டும் என்கிறார்கள். இது கடலை சாப்பிடுவதற்கான லைசென்ஸ் இல்லை, விபத்துக் காப்பீடு. அலர்ஜியை மறக்கடிப்பதும் இல்லை. நிறுத்தினால் சாவியின் உறை கழன்றுவிடும். இன்னொரு வேடிக்கை, அலர்ஜிக்கான இந்த மருந்தே அபூர்வமாகச் சிலருக்கு அனாஃபிலாக்ஸிஸ் தரும். 2007-லேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள். அதனால் முதல் ஊசிகளை டாக்டர் முன்னிலையில்தான் போட்டுக்கொள்ளவேண்டும்.

என் புகார் கட்டுரையின் மேல் இல்லை, அதைக் கொண்டாடிய விதத்தின் மேல். 'திருப்புமுனை' என்ற வார்த்தை 2024-ல் நிறையப் புழங்கியது. கடலையில் ஐஜி-ஈ தடுப்பு வேலை செய்கிறது என்பது அதே பத்திரிகையில் 21 வருஷம் முன்னால் வந்துவிட்டது. 2003-ல் 7 வயதாக இருந்த குழந்தைக்கு அனுமதி கிடைத்தபோது 28. பள்ளிக்கூடம், கல்லூரி, முதல் வேலை, முதல் முத்தம் (இதிலும் ஆபத்து உண்டு, எதிராளி என்ன சாப்பிட்டார் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்) எல்லாவற்றையும் அரைக் கடலைப் பயத்தோடு கடந்திருப்பார். அந்தக் கணக்கு இரண்டு கட்டுரைகளின் அட்டவணைகளிலும் இல்லை. இருக்கவும் முடியாது, மருத்துவக் கட்டுரை கொடுத்த மருந்தைத்தான் அளக்கும். கொடுக்காததை அளக்க அதனிடம் கருவி கிடையாது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2020-ல் கடலை மாவையே துல்லியமாக அளந்து காப்ஸ்யூலில் அடைத்து, சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதே வருஷம் அந்தக் கம்பெனியை நெஸ்லே வாங்கியது, 2023-ல் அந்த மருந்தை விற்றுவிட்டது. கடலை மாவில் இத்தனை வியாபாரம் இருக்கிறது என்று நம் செட்டியார் கடையில் யாருக்கும் தெரியாது.

இதைப் படித்துவிட்டு, 'எனக்கு வீசிங் இருக்கிறது, இந்த ஊசி எங்கே கிடைக்கும்' என்று உடனே கடிதம் எழுதாதீர்கள். ஆஸ்த்மா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இது தேவையே இல்லை. தினம் இரண்டு வேளை இன்ஹேலரில் ஸ்டீராய்டை ஒழுங்காக இழுத்தால் போதும். சிக்கல் என்னவென்றால் நாம் இழுப்பதில்லை. இன்ஹேலர் பழகிவிடும், கல்யாணம் ஆகாது, இதயத்துக்கு ஆகாது என்று ஆயிரம் கதை. இரைக்கும்போது மட்டும் நீல இன்ஹேலரை அடித்துக்கொள்வோம். 2019-க்கான உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று, உலக ஆஸ்த்மா நோயாளிகளில் 100-க்கு 13 பேர் இந்தியர், ஆஸ்த்மா சாவுகளில் 100-க்கு 42 இந்தியாவில் என்கிறது. இந்த இடைவெளியை அடைப்பது வெள்ளெலி மருந்து அல்ல, சில நூறு ரூபாய் இன்ஹேலர். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் மாசத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்களுக்குத்தான், ரத்தப் பரிசோதனை செய்து எந்த வகை என்று பார்த்து, டாக்டர் இந்த ஊசியைப் பற்றிப் பேசுவார். அவர்களுக்கு அது வாழ்க்கையையே மாற்றக்கூடியது என்பதில் சந்தேகமில்லை.

விலை? அமெரிக்காவில் வருஷத்துக்குப் பத்தாயிரக்கணக்கான டாலர். இன்ஷூரன்ஸ் இருந்தால்தான் உண்டு. இப்போது காப்புரிமைக் காலம் முடிந்து, கொரியாவின் செல்ட்ரியான் கம்பெனி தயாரிக்கும் நகலுக்கு ஐரோப்பாவில் மே 2024-லும் அமெரிக்காவில் மார்ச் 2025-லும் அனுமதி கிடைத்திருக்கிறது. கவனியுங்கள்: கடலைக்கு அனுமதி வந்து ஒரு வருஷத்துக்குள்ளாகவே நகலுக்கு ஐரோப்பா தலையாட்டிவிட்டது. சொந்தக்காரர்களுக்கு ஒற்றை ஆளாக விற்கும் உரிமை இருந்த காலத்தின் பெரும்பகுதி, கடலைக் குழந்தைகளுக்கு உதவாமலே கழிந்திருக்கிறது.

அந்த டிஎன்எக்ஸ்-901-க்கு முறைப்படி பெயர்கூட வைத்தார்கள். டாலிஜுமாப். சர்வதேச மருந்துப் பெயர்ப் பட்டியலில் தேடினால் இன்றும் கிடைக்கும். மருந்துக் கடையில் கிடைக்காது.